கூட்டாமல் குறைக்காமல் ஒரு சுருள்

மார்ச் 3
இன்று ஒரே மூச்சில் பன்னிரண்டு கடைப் பலகை எழுதினேன். சரி, நாலு. சாயங்காலம் அக்கா மகள் வந்தாள். வானத்தை ஆராய்கிறவள். சுருள் சுருளாக ஒரு விண்மீன் மண்டலம், அதன் போட்டோவைக் கொடுத்து, "கருத்தரங்குல மாட்டணும். சுவர் அகலத்துக்கு வரைஞ்சு குடுங்க மாமா" என்றாள். எட்டாவதோடு நின்ற கையை நம்பி அண்டத்தையே ஒப்படைத்திருக்கிறாள்!

மார்ச் 5
அந்த ஆராய்ச்சியே என் தலைமையில்தான் நடக்கிறது என்று டீக்கடையில் சொன்னேன். டீக்காரர் சர்க்கரை கூடப் போட்டார்.

மார்ச் 8
பிள்ளை முகம் வாடிக் கிடக்கிறது. மண்டலம் சுற்றுகிற வேகத்தை வைத்து, உள்ளே எங்கெங்கே எவ்வளவு எடை என்று கணக்கிலேயே அதற்கு ஒரு மாதிரி வடிவம் கட்டுகிறாள். அவளுக்குக் கிடைத்த வேகம், கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களின் எடைக்கே போதவில்லையாம். கண்ணுக்குத் தெரியாத பொருளும் நிறைய இருக்க வேண்டுமாமே, அதற்கு இடமே இல்லை. "தப்பைக் கண்டுபிடி, இல்லேன்னா மேடை ஏறாதே" என்றுவிட்டாராம் பேராசிரியர். இன்னும் பன்னிரண்டு நாள்.

மார்ச் 11
படம் முடிந்தது. பார்த்ததும் சிரித்தாள். "வழக்கம்போல அளந்து விட்டுட்டீங்க மாமா. இது இவ்வளவு வட்டமா இருக்காது. நல்லா சாய்ஞ்சு கிடக்கிற தட்டு."
"கட்டம் போட்டு எடுத்தது. மயிரிழை கூட்டல."
"யாரு, நீங்களா?"
சுருக்கென்றது. என் வாய் வேறு, தூரிகை வேறு. கடைக்காரன் பெயரில் ஒரு சுழி கூட்டினால் விடுவானா? ஆனால் நாற்பது வருஷமாகப் புளுகினவன் சொன்னால் யார் நம்புவார்?

மார்ச் 12
விடிந்ததும் படத்தைச் சுருட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்விட்டேன். போட்டோவிலும் கட்டம், படத்திலும் கட்டம். "நீயே எண்ணிப் பாரும்மா."
எண்ணினாள். நடுவில் பளிச்சென்ற பட்டை மட்டும்தான் நீளவாக்கில். ஓரத்து மங்கலான கைகள் கிட்டத்தட்ட வட்டம். அவளோ அந்தப் பட்டையைப் பார்த்தே மொத்தத் தட்டின் சாய்வையும் முடிவு செய்திருக்கிறாள்.
"அப்போ சாய்வு கம்மி... நம்மளை நோக்கி வர்ற வேகத்தைத்தான் அளக்க முடியும், சாய்வு குறைஞ்சா அதுல கொஞ்சம்தான் தெரியும். நிஜ வேகம் இன்னும் அதிகம் மாமா!"
பிறகு நான் அங்கே நிற்பதே அவளுக்கு மறந்துபோனது.

மார்ச் 17
மாதிரி வடிவம் பொருந்திவிட்டது; கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கும் இடம் கிடைத்துவிட்டதாம். மேடை ஏறுகிறாள்.

மார்ச் 21
டீக்காரர் கேட்டார்: "என்ன தலைவரே, நேத்து கருத்தரங்கு உங்களாலதான் நடந்துச்சாமே?"
"அதெல்லாம் அவ மூளை. நான் போட்டோவைப் பார்த்து அப்படியே வரைஞ்சேன், அவ்வளவுதான்."
"சும்மா புளுகாதீங்க" என்றார்.