கணக்குப் புத்தகம் கேட்ட அக்கா

ஞாயிறு, ஐப்பசி 9. திருப்பதி.

காலை ரயிலில் வள்ளி அக்காவும் தம்பி சேகரும் திருத்தணியிலிருந்து என்னைப் பார்க்க வந்தார்கள். எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் மதராஸ் பக்கம் போய்விட்டது. நான் மட்டும் இங்கே ஆந்திராவில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன்.

கோவிந்தராஜர் கோயிலுக்கும் கபில தீர்த்தத்துக்கும் கூட்டிப் போனேன். சேகர் தீர்த்தத்து அருவியை விட்டு வரவே மாட்டேன் என்றான். அக்காவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

"நீ குந்திப் படிக்கிற எடத்தக் காட்டுடா" என்றாள்.

பள்ளிக் காவல்காரரிடம் தெலுங்கில் கெஞ்சி வகுப்பைத் திறக்க வைத்தேன். அக்கா என் பெஞ்சில் உட்கார்ந்தாள். கரும்பலகையில் அழிக்காமல் விட்டிருந்த தெலுங்கு எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சாவதுல நைனா என் படிப்ப நிறுத்தசொல்லோ, கணக்குல நான்தான் மொதல்ல இருந்தேன். தெரியுமா ஒனக்கு?"

எனக்குத் தெரியும்.

"ரயிலுக்கு நேரமாவுதுக்கா" என்று சேகர் கூப்பிட்டான். அவள் மெதுவாக எழுந்தாள்.

ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தாள். "லீவுக்கு வரசொல்லோ பழைய கணக்கு புஸ்தகம் ஒண்ணு எடுத்துக்கினு வா. நைனா கிட்ட சொல்லாத."

சரி என்று தலையாட்டிவிட்டேன். என் புத்தகங்கள் எல்லாமே தெலுங்கு. அவளால் படிக்க முடியாது. அதனால் நானே ஒரு நோட்டில் தமிழில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு கணக்குகள் முடிந்தன. மூன்றாவதில் வந்த ஒரு தெலுங்குச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வோம் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.