நம் புத்தகத்தில் மிஞ்சிய பக்கம்

அன்பு மாப்ளே சரவணா,

நம் வகுப்புக் கதைகளின் புத்தகம் வரப்போகிறது. நீ கண்ணை மூடிய பிறகு அதை மறந்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன். வகுப்பில் எழுதுகிறவர்கள் யாரும் விடவில்லை.

பதிப்பகம் எதையும் தேடவில்லை. போடி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையிலேயே புத்தகம் செய்யலாம் என்று உனக்குத் தெரியுமா? ஒரு தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். "பக்கம் நாலு நாலாத்தான் ஏறும் தம்பி, இல்லேன்னா கடைசியில வெத்துப் பக்கம் விழும்" என்றார் கடைக்கார அண்ணன். மடித்த தாளை விரித்தால் முதல் பக்கத்தை ஒட்டியே கடைசிப் பக்கம் இருக்கிறது. அதை மடிப்பதும் விரிப்பதுமாகவே இருந்தேன்.

உன் ஜீப்புக் கதையை முதலில் வைத்தோம். விடியலில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் ஜீப்பில், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அம்மா குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்த்த பையனின் கதை. உன்னைக் கேட்காமல் போடலாமா? சிலமலைக்குப் போய் உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"இது வேணாம் அப்பு" என்றார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா?"

"நான் எங்க அழுதேன்? முன்னாடி இருந்தவ ஒண்ணு சொன்னா, சிரிப்ப அடக்க முடியல. குளுருக்குத் துண்டச் சுத்தியிருந்தேன், அவனுக்கு அழுகுற மாதிரி தெரிஞ்சிருக்கு. அதே பொம்பளைகதான் இன்னமும் கூட வர்றாக. எங்ககூட வேலைக்கு வர அழுகுறாளான்னு நெனைக்க மாட்டாகளா?"

மாப்ளே, அந்த அழுகையைப் பார்த்துத்தானே நீ எழுத ஆரம்பித்தாய்? சிரிப்பென்று தெரிந்திருந்தால் என்ன எழுதியிருப்பாய்? எழுதியே இருப்பாயா? உன் வரியில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. அம்மா வேண்டாம் என்பதைப் போடவும் மனசு வரவில்லை. உன்மேல் கோபம்கூட வந்தது. இதைத் தீர்க்க வேண்டியவன் நீதானே?

கடைக்குத் திரும்பினால், அண்ணன் சொன்னது போலவே கடைசியில் ஒரு பக்கம் வெறுமையாக மிஞ்சியிருந்தது. அடுத்த பஸ்சிலேயே சிலமலைக்கு ஓடினேன்.

"அவன் எழுதுனது இருக்கட்டும்மா. நீங்க சொன்னதையும் உங்க பேர்லயே கடைசிப் பக்கத்துல போடுறோம்."

"எம் பேரா? அவன் பேரு இருக்குற புஸ்தகத்துலயா?" என்றார்கள். பிறகு அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஜீப்பில் அந்தப் பெண் அன்று என்ன சொன்னாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. "அது பொம்பளைக பேச்சு, ஒனக்கெதுக்கு" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நீ போன பிறகு அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நாளை அச்சு. புத்தகத்தைத் தைப்பதற்கு முன் அந்த வெளித் தாளை விரித்துப் பார்ப்பேன். உன் பெயரும் அம்மா பெயரும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

முதல் பிரதிகளை அந்த ஜீப்பில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். துண்டுக்குள் யாருடைய தோளாவது குலுங்கினால், என்னவென்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னைக் கூப்பிட்டது போலவே உன் அம்மா இப்போது அப்பு என்று கூப்பிடும்
உன் மாப்ள,
பாண்டி