சாட்சிக்கு இறங்கியவர்கள்

14.7.86, திங்கள்

காலையிலேயே புழுக்கம். செல்விக்கு இடது காதில் மறுபடி சீழ். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதமான காது. பூந்தமல்லியில் ஒரு காது டாக்டர், கைராசிக்காரராம். ஒரு வாரம் தினமும் வந்து கழுவிக்கொள்ளச் சொன்னார். இவருக்கு ஃபாக்டரியில் ஷிஃப்ட். ஆக, ஆவடியிலிருந்து நானும் அவளும் மட்டும், பஸ்ஸில். திருநெல்வேலியை விட்டு குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு தனியாகப் பஸ் ஏறியது இன்றுதான்.

ஆச்சரியம் 1: கண்டக்டர் ராஜா மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார். எங்கள் ஊரில் அவர்தான் இடித்துக்கொண்டு வருவார். இங்கே காசைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்தால், கை மாறிக் கை மாறிப் போகிறது. டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வருகின்றன. எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. வேறு யாரும் எண்ணவில்லை.

ஆச்சரியம் 2: உட்கார்ந்திருந்த புர்கா போட்ட பெண், கேட்காமலே செல்வியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நிற்பவர்களின் பையும் பிள்ளையும் உட்கார்ந்திருப்பவர்கள் மடிக்கு. இந்த ஊர்ச் சட்டம் போல. சொந்த அத்தை தூக்கினாலே ஊரைக் கூட்டுகிற செல்வி, வாயே திறக்கவில்லை.

15.7, செவ்வாய்

வெயில். அதே பஸ், அதே பெண். பெயர் மும்தாஜ். வீடு பூந்தமல்லியில். ஆவடிக் கடை ஒன்றுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறாள். செல்வியின் காதைத் திருப்பிப் பார்த்து, தலைக்கு ஊற்றினாயா என்று என்னை அதட்டினாள். இந்த ஊரில் என்னை அதட்டிய முதல் ஆள். சந்தோஷமாக இருந்தது. அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

வாங்க: பஞ்சு, சீயக்காய், இவருக்கு பிளேடு.

16.7, புதன்

மழை.

ஸ்டாண்டில் தள்ளுமுள்ளு. மும்தாஜ் அக்கா முதலிலேயே ஏறி ஜன்னலோரம். வெளியே கை நீட்டினாள். எல்லோரும் செய்கிறார்களே என்று, செல்வியை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். படியில் கால் வைக்க இடமில்லை. விசில். பஸ் போய்விட்டது, பிள்ளையோடு.

கத்தினேன். ஓடினேன். செருப்பு அறுந்தது. அக்கா வீடு எந்தத் தெரு என்றுகூடத் தெரியாது. அடுத்த பஸ் வரும்வரை என்னென்ன நினைத்தேன் என்பதை இங்கேகூட எழுத மாட்டேன்.

பருத்திப்பட்டு ஸ்டாப். படியில் தொங்கியபடியே பார்த்துவிட்டேன். புர்காவுக்குள் செல்வியைப் பொத்திக்கொண்டு அக்கா. அவளைச் சுற்றி நாலு பெண்கள், தொப்பலாக நனைந்து. ஒருத்தி இடுப்பில் பூக்கூடை.

நான் ஏறிவிட்டேன் என்றே அக்கா நினைத்திருக்கிறாள். அம்மா ஏறினாளா என்று அவள் கேட்டது, டிக்கெட் போகிற மாதிரி வாய் மாறிப் பின்வாசல் வரை போய், ஏறவில்லை என்று திரும்பி வருவதற்குள் பருத்திப்பட்டு வந்துவிட்டதாம். இறங்கிவிட்டாள். சரி. மற்றவர்கள் எதற்கு இறங்கினார்கள்? கேட்டேன். ஒருத்தி சொன்னாள்:

"இன்னாமா இப்டி கேக்கிற? இது ஒண்டியா ஊரான் புள்ளைய வச்சிகினு நின்னா, புள்ள புடிக்கிறவன்னு எவனாவது அடிச்சிடுவான். நீயே வந்து இன்னா நெனைப்பியோ. அதான் சாட்சிக்கு நாங்க கீறோம்."

அவர்களுக்குள்ளும் ஒருவரையொருவர் தெரியாது. அக்காவையும் தெரியாது. எல்லோருக்கும் போக வேண்டிய இடம் இருந்திருக்கும். மழையில் நின்றார்கள். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. செல்வியைப் பிடுங்கிக்கொண்டு அழுதேன், அவ்வளவுதான். அடுத்தடுத்து வந்த பஸ்களில் ஏறி ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

17.7, வியாழன்

தூறல். நேற்று இவரிடம் சொன்னேன். சாமியாடிவிட்டார். ஊர் பேர் தெரியாதவள் கையிலா பிள்ளையைக் கொடுப்பாய், இனிமேல் பஸ்ஸே வேண்டாம் என்றார். காதை யார் கழுவுவது? இன்று லீவு போட்டுச் சைக்கிளில் அவரே கூட்டிப்போனார். வந்து தும்மல்.

சாப்பிடும்போது திடீரென்று: "நாலு பேரா எறங்குனாங்கன்னு சொன்ன?"

ஆமாம் என்றேன். மோர் ஊற்றும்போது மறுபடி அதே கேள்வி. அப்புறம், "அவங்கல்லாம் யாருட்டி?"

தெரியாது. யாருடைய முகத்தையும் நான் பார்க்கவில்லை. பிள்ளையைத்தான் பார்த்தேன்.

18.7, வெள்ளி

லீவு கிடைக்காதாம். பஸ்ஸில் போ, ஆனால் பிள்ளை உன் கையை விட்டுப் போகக்கூடாது என்றார். தலையாட்டினேன். மும்தாஜ் அக்கா இன்று வரவில்லை. செல்வியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றே போனேன். மூன்று பேர் கை நீட்டினார்கள். வேண்டாம் வேண்டாம் என்றேன். கூசியது.

எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் அந்த நாலு பேரில் இவள் ஒருத்தியோ என்று இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்து வைத்தேன். கழன்ற கேஸ் என்று நினைத்திருப்பார்கள்.

19.7, சனி

மேகமூட்டம். சீழ் நின்றுவிட்டது. கருவேப்பிலை வாங்க மறந்தேன்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் செல்வி. பிரேக் போட்டதில் தடுமாறினேன். உட்கார்ந்திருந்த ஒருத்தி, மஞ்சள் சேலை, கை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"குடுமா. பாப்பாக்கு காது ஆறிப்போச்சா?"

இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. கொடுத்துவிட்டேன்.