அப்பா கரடி பார்த்த நாள்

அன்பு மகள் பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம்தான், கொஞ்சம் குறையோடு சௌக்கியம், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா? தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், உனக்கே தெரியும். நாங்கள் ஊர் சுற்றிப் பார்த்த படங்களை அனுப்பினேனே, அதில் எல்லாப் படத்திலும் அப்பா ஏன் வேறெங்கோ பார்க்கிறார் என்று கேட்டாய். வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றைக்கு வெயிலும் இல்லை ஒன்றும் இல்லை. பதறாமல் முழுசாகப் படி.

அப்பா ஓட்டும் பள்ளிக்கூட வேனுக்கு லீவு விட்டதும் நீதான் போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க என்று பிடுங்கி எடுத்து எங்களை அந்தப் பெரிய நகரத்துக்கு அனுப்பி வைத்தாய். லாட்ஜில் நல்ல ரூம்தான், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் மூக்கில் இடிக்கும், அவ்வளவுதான். காலையில் கிளம்பும்போதே அப்பா தண்ணீர் ஜக்கைத் தட்டிவிட்டார். கீழே வந்ததும் ஒரு கடையில் குடை வாங்கினார். மழையும் இல்லை. அதுவும் என்ன நிறம், தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் கண்ணைப் பறிக்கிற மஞ்சள். உனக்கு நல்லாருக்கும், விரிச்சுப் பிடிச்சிக்கிட்டு முன்னாடி நட என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் முதுகைப் பார்த்துத்தான் நடந்திருக்கிறேன், செருப்பு அறுந்தால்கூடக் கூப்பிட்டு நிறுத்த வேண்டும். இந்த வயதில் மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டதாக்கும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடேயே நடந்தேன்.

முதலில் மிருகக்காட்சிசாலை. கரடிக் கூண்டுக்கு முன்னால் நல்ல கூட்டம். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, எம்மாம் பெருசு பாரு, கவலையே இல்லாம தூங்குது என்றார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், தாத்தா அது பாறை, கரடிக்கு உடம்பு சரியில்லைன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்களாம், போர்டு வச்சிருக்காங்க பாருங்க என்றது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தெரியாதா, இவளை ஏமாத்தப் பாத்தேன் என்று அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் கை கம்பியை விடவில்லை. கூட்டம் நகர்ந்த பிறகும் அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

வெளியே வந்து ரோட்டைக் கடக்க நின்றோம். சிக்னல் இன்னும் மாறவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் மேல் இடிக்கிறதே என்று நான் குடையை மடக்கினேன், அவ்வளவுதான், அப்பா பாட்டுக்கு இறங்கி நடந்துவிட்டார். அது ஒருவழிச் சாலை, இடப்பக்கமிருந்து வந்த கார் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து கிறீச்சென்று நின்றது. உன் அப்பாவுக்கு ஒரு கீறலும் இல்லை, பயப்படாதே. நான்தான் கத்திக்கொண்டு ஓடி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். குடை எதற்கென்று அந்த நிமிஷம் புரிந்துவிட்டது. அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் என் பின்னால் நடந்திருக்கிறார், அது மறைந்ததும் நான் கடந்துவிட்டேன் என்று இறங்கிவிட்டார்.

ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, எத்தனை நாளா என்று கேட்டேன். எதுடி என்றார். நான் குடையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அப்புறம் அவராகவே சொன்னார். இடது கண்ணில் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருக்கிறதாம், மற்றக் கண்ணிலும் ஓரமெல்லாம் இருட்டாம். வேன் ஓட்டுறீங்களே என்றேன். நமக்குத் தெரியாத ரோடா, கண்ணைக் கட்டிவிட்டாக்கூட ஓட்டுவேன், மெதுவாத்தானே போறேன், சாவியைக் குடுத்துட்டு வீட்டுல உக்காந்து நாள் பூரா உன் கழுத்தை அறுக்கச் சொல்றியா என்று எரிந்து விழுந்தார். எனக்கும் வாயில் வந்தது, அத்தனை பிள்ளைகளின் அம்மாமார் முகமும் கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் அவர் வேஷ்டியா சட்டையா என்று தெரியாமல் எதையோ பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தார், பார்த்தால் அது என் முந்தானை. படகுக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். வாங்க, ஏறுவோம் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

படகில் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். அதோ பெரிய பாலம் என்றால், சும்மா பாலம்னா எப்படி, மேல லாரி போகுதா பஸ் போகுதா என்று கேட்கிறார். மாடியில் துணி காயப் போடுகிறவள், படிக்கட்டில் உட்கார்ந்து சண்டை போடும் ஜோடி என்று ஒன்று விடாமல் சொன்னேன். அந்த ஊரை நான் ஒழுங்காகப் பார்த்ததே அந்த ஒரு மணி நேரம்தான். திடீரென்று, அந்தக் கார் ஓட்டினவன் எப்படி இருந்தான் என்று கேட்டார். சின்ன வயசு என்றேன். திட்டுனானா என்றார். திட்டல, திட்ட வாய் வரல, வண்டியை விட்டு இறங்கி ரெண்டு கையையும் பானெட்டுல ஊனிக்கிட்டு நின்னான், நம்ம அங்கேருந்து கிளம்புற வரைக்கும் திரும்ப வண்டியில ஏறவே இல்ல என்றேன். அப்பா அதற்கப்புறம் பாலத்தைப் பற்றியும் கேட்கவில்லை, பஸ்ஸைப் பற்றியும் கேட்கவில்லை.

படகு திரும்பும் நேரம், பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மா நம்பரைப் போட்டுக் குடு என்றார். போட்டுக் கொடுத்தேன். எழுந்து நின்று பேசினார், ஆடுகிற படகில். அம்மா, லீவு முடிஞ்சதும் வேனுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க, எனக்குக் கண்ணு சரியில்ல என்றார். அந்தம்மா என்னவோ கேட்டார்கள். இப்பத்தான் இப்படியா என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது. இல்லம்மா, ரொம்ப நாளா, சொல்லாம ஓட்டினது என் தப்பு என்றார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், அவரை அவ்வளவு பெரிய மனுஷராக நான் பார்த்ததில்லை.

ஊருக்கு வந்ததும் கண் டாக்டரிடம் போனோம். ஒரு கண்ணில் புரை, ஆபரேஷன் செய்தால் தெளிந்துவிடுமாம், அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார். மற்றக் கண்ணில் நரம்பு கெட்டிருக்கிறது, போன பார்வை போனதுதான், சொட்டு மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும். வேளை தவறாமல் நான்தான் விடுகிறேன், குழந்தை மாதிரி முகத்தைத் திருப்புகிறார். வீட்டில் இருந்துகொண்டு கழுத்தை அறுப்பதும் நடக்கிறது, குழம்புக்கு உப்பு போடுவதற்குக்கூட யோசனை சொல்கிறார். சாயங்காலம் வேன் வரும் நேரத்துக்கு மட்டும் வாசல் பக்கம் போகமாட்டார், ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார். நான் அதைக் குறைக்கச் சொல்வதில்லை.

இந்த நரம்புக் கோளாறு பெற்ற பிள்ளைகளுக்கும் வரலாம், முன்னாலேயே கண்டுபிடித்தால் தப்பிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதனால் வேலை வேலை என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே போய்க் கண்ணைக் காட்டு. கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு ராத்திரி முழித்திருக்காதே. நீ உடனே புறப்பட்டு வரவும் வேண்டாம், ஆபரேஷனுக்கு நான் இருக்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் மனசு ஒன்றாக நீண்ட நாள் வாழ வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. இதை உன்னிடம் தானே சொல்ல வேண்டுமாம் அப்பாவுக்கு. சவரம் செய்யும்போது கண்ணாடி முன்னால் நின்று, பெரியவளே, ஒரு சின்ன விஷயம்மா என்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறார், அதற்கு மேல் வார்த்தை போகமாட்டேன் என்கிறது. ஒரு நாள் போனில் சொல்லிவிடுவார். அப்போது உனக்கு எதுவும் தெரியாது. அவர் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசாதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா