பதினாலு துணி

ஜூன் 3, செவ்வாய்

காலை எட்டரைக்கு அலுவலக மொட்டைமாடியில் மழைமானியைப் பார்த்தேன். 31 மில்லிமீட்டர். பதிவேட்டில் ஏற்றினேன். அந்த முப்பத்தொன்றும் நேற்று இருபதே நிமிடத்தில் கொட்டி, வீட்டுக்குள் புகுந்து, என் செருப்பைச் சமையலறை வரை கொண்டுபோனது. அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

ஜூன் 4

எங்கள் தெருவுக்குப் புது வடிகால் குழாய். வெள்ளிக்குள் அளவு முடிவாக வேண்டும்.

"பத்து வருஷமா மொத்த மழை மாறவே இல்லையேப்பா. பழைய அளவே போதும்," என்றார் அதிகாரி.

"மொத்தம் அதேதான் சார். ஆனா இப்பெல்லாம் கொஞ்ச நேரத்துலயே ஊத்திடுது."

"ஆதாரம்?"

நாளுக்கு ஒருமுறை பார்க்கிற மழைமானியிடம் நிமிடக் கணக்கு கேட்டால்?

ஜூன் 5

மனைவியிடம் புலம்பினேன். பீரோவிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் போட்டாள். நான் "இன்னைக்கு மழை வராது" என்று அடித்துச் சொல்லி, வந்த மழை எல்லாம் அதில் இருக்கிறது. பன்னிரண்டு வருடம்! கொடியில் இருந்த துணி, எடுக்க ஆன நேரம், நனையாமல் தப்பிய துணி. முதல் வருடம்: இரண்டு நிமிடம், பதினாலும் தப்பியது. இந்த வருடம்: அதே இரண்டு நிமிடம், பதினாலுக்கு மூன்றுதான் தப்பியது.

"சண்டைக்கு உதவும்னு எழுதி வச்சேன்," என்றாள்.

மானம் போனது. ஆனாலும் அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 6, வெள்ளி

நோட்டைப் புரட்டிய அதிகாரி, "நேரமெல்லாம் அவங்களே போட்டுக்கிட்டதுதானே. வீட்டம்மாவுக்கு வயசாகுதுப்பா. கை வேகம் குறைஞ்சிருக்கும். அதுக்கு மழை என்ன பண்ணும்?" என்றார். திங்கள் வரை அவகாசம்.

இதை அப்படியே வீட்டில் வந்து ஒப்பித்தேன். ஏன் ஒப்பித்தேன்? எனக்கு எதுக்கு இந்த வாய்?

ஜூன் 7

பேசவில்லை.

ஜூன் 8

பேசினாள். "உங்க சாரை வரச் சொல்லுங்க. கடிகாரத்தோட."

ஜூன் 9, திங்கள்

மண்டையைப் பிளக்கும் வெயில். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பதினாலு காய்ந்த துணி. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ம்" என்றார். சரசரவென்று உருவினாள். ஒரு கிளிப் தெறித்து அவர் மூக்கில் பட்டது. ஐம்பத்தெட்டு விநாடி!

"இப்ப சொல்லுங்க சார். என் வேகம் குறைஞ்சுதா, மழை வேகம் கூடிச்சா?"

மூக்கைத் தேய்த்துக்கொண்டே பெரிய குழாய்க்குக் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 21

குழாய் போட்டு ஒரு வாரம். இன்று இருபது நிமிடத்தில் நல்ல கொட்டு கொட்டியது. வீட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை. செருப்பு விட்ட இடத்திலேயே கிடந்தது. அப்பாடா!

அவள் வெளியே போயிருந்ததால் துணி எடுக்க நான்தான் ஓடினேன். காலையில் "மழை வராது" என்று சொன்னவனும் நான்தான்.

வந்ததும் என்னிடம் கேட்டு நோட்டில் எழுதினாள்: "அவர் – ஆறு நிமிஷம். பதினாலுக்கு ஒண்ணு. அதுவும் அவரோட பனியன்."