எக்ஸ்ரே எடுத்தால்தான் லீவு

ஜூன் 12, 2025. சித்தூர்

எங்கள் திருமண நாளுக்காக வீட்டில் ஜெபக்கூட்டம். எங்கள் மணவாழ்வில் கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்லும்படி போதகர் என்னிடம் கேட்டார். "சொல்ல ஒன்றுமில்லை, ஐயா" என்றேன். உண்மைதானே? கடைசி விருந்தாளியைச் சிரித்து வழியனுப்பிவிட்டு என் கணவர் ஆசிர் கதவைத் தாழிட்டார். ஹெல்மெட்டால் அடித்தார். தலையை மறைக்க இடது கையைத் தூக்கினேன் — முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த பிறகும் இடுப்பில் உதைத்தார்.

"சபை முன்னாடி என் மானத்த வாங்கிட்ட இல்ல, லெக்சரரம்மா?"

ஜூன் 13

கை வீங்கிக் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதாம். சித்தூரில் எங்கே போனாலும் சபைக்காரர்கள்.

ஜூன் 14

திருப்பதியில் என் கல்லூரியில் பரீட்சை நேரம். டாக்டர் சான்று இல்லாமல் லீவு கிடையாது. அதனால் ஆசிரின் போனில் ஆன்லைன் டாக்டர். ஐதராபாத்திலிருந்து ஓர் இளம்பெண். நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக ஆசிரே தெலுங்கில் சொன்னார். பிறகு சிரித்த முகத்தோடு என்னிடம் தமிழில்: "வாயத் தொறந்தினா இன்னொரு கையையும் ஒடச்சிடுவேன்." ஐதராபாத் டாக்டருக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது?

டாக்டர் முகம் மாறவில்லை. தெலுங்கிலேயே அவரை ஐஸ் எடுத்துவர அனுப்பினாள். அவர் நகர்ந்ததும் தமிழில் —

"அக்கா, நான் சத்தியவேட்டுப் பொண்ணு, எங்க வீட்லயும் தமிழ்தான். கேட்டுனுதான் இருந்தேன். எக்ஸ்ரே பாத்தாதான் லீவுன்னு எழுதறேன். எக்ஸ்ரே ரூமுக்குள்ள அவர விட மாட்டாங்க. அங்க சொல்லிடுங்க."

இவளுக்கு என்ன அக்கறை? சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும்?

டாக்டரின் சீட்டு வந்தது: எக்ஸ்ரே பார்த்த பிறகே லீவுச் சான்று. படித்துவிட்டுப் போனைச் சுவரில் அடித்தான். என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். "திருப்பதிக்குப் போலாம். அங்க நம்ம சபைக்காரன் எவனும் இல்ல."

ஜூன் 16. திருப்பதி

அறைக்குள் எக்ஸ்ரே எடுக்கும் பெண், "எப்படிம்மா ஆச்சி?" என்றாள். "என் புருஷன் ஹெல்மெட்டால அடிச்சான்." சொல்லிவிட்டேன். அவள் உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் டாக்டரைக் கூப்பிட்டாள். வெளியே அவன் கதவைக் குத்தினான். செக்யூரிட்டியின் மூக்கை உடைத்துவிட்டு ஓடிவிட்டானாம்.

ஜூன் 17

கல்லூரித் தோழி லீனாவின் வீடு. போலீசில் எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தான். கேட்டை உதைத்தான். வெட்டிவிடுவேன் என்று தெருவே கேட்கக் கத்தினான். நான் எழப் பார்த்தேன். லீனா என் தோளை அழுத்தினாள்.

"கேட்டு பூட்டித்தான் கீது. ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டேன், வந்துனு கீறாங்க. மீன் ஆறிப்போவுது, துன்னுக்கா."

ஒற்றைக் கையால் முள்ளெடுத்துச் சாப்பிட்டேன். அவன் கத்திக்கொண்டேயிருந்தான். இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.