நீ தாண்டிவிட்ட அதிகாரம்

பையைத் துவைக்கலாம் என்று பக்கெட்டில் தண்ணீர் பிடித்துவிட்டேன். ஜிப்பைத் திறந்ததும் கூலண்ட் வாடை. மெஷினில் ஊற்றுகிற அந்த வெள்ளைத் தண்ணீர், எத்தனை சோப்புப் போட்டாலும் உன் விரல்களை விட்டுப் போனதில்லை. உன் விரலிலிருந்து புத்தகத்துக்கு வந்து, புத்தகத்திலிருந்து என் பைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

என் அப்பாவின் காரியத்தை எங்கள் ஊர் மத்தூரில் முடித்துவிட்டு வேலைக்குத் திரும்பிய சமயம். ஆளுக்கு ஆள் ஆறுதல் சொன்னார்கள். சூப்பர்வைசர் ஒரு தமிழ்ப் புத்தகமே கொடுத்தார். நாலு பக்கத்தில் மூடிவிட்டேன். எல்லாம் சரியாகிவிடும் என்று திரும்பத் திரும்ப இருந்தது. எப்படி என்று ஒரு வரி இல்லை. மெஷின் நின்றுபோனால் மெயின்டனன்ஸ்காரன் நான் அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா?

நீ ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் ஆளைப் பறிகொடுத்தவர்களுக்கென்று எழுதிய ஒரு கன்னடப் புத்தகத்தை எடுத்தாய்.

"எனக்குக் கன்னடம் படிக்க வராதுடா."

"எனக்குத் தமிழ் படிக்க வராது. அதுக்குன்னு பேசாமயா இருக்கறோம்? நான் படிச்சு சொல்றன், நீ கேளு."

கர்நாடக எல்லையோரம் தளிப் பக்கம் கன்னட மீடியத்தில் படித்தவன் நீ. பஸ் ஓசூரை விட்டு சூளகிரி தாண்டும் வரை படிப்பாய். கண் கன்னடத்தில் ஓடும், வாய் தமிழில் வரும். வார்த்தை கிடைக்காவிட்டால் தெலுங்குக்குள் போய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருவாய். "காலங்காத்தால சாவு சமாச்சாரமா?" என்று முறைத்த முன்சீட்டு அண்ணன், நாலாவது நாளே "கொஞ்சம் சத்தமா படிப்பா" என்று திரும்பி உட்கார்ந்தார்.

"செத்தவங்க செருப்ப அவசரப்பட்டு எடுக்காதன்னு போட்டிருக்குது" என்றாய் ஒரு நாள். அப்பாவின் செருப்பை என்ன செய்வது என்று அம்மா முந்தின நாள்தான் போனில் கேட்டிருந்தாள். அன்றைக்குச் சொன்னேன், இருக்கட்டும்மா என்று.

ஒரு அதிகாரத்தை மட்டும் நீ தாண்டினாய். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கானது. "இது நமக்கு வாணாம். கல்யாணமே ஆவல, அதுக்குள்ள புள்ளயாம்" என்று கொத்தாகப் புரட்டிவிட்டாய். அண்ணன்கூடச் சிரித்தார்.

புத்தகம் முடியவில்லை. மழைக்காலக் காய்ச்சல் ஒன்று உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் டிபன் பாக்ஸ் கசியும் என்பதால் புத்தகம் எப்போதும் என் பையில்தான் இருக்கும். அப்படியே தங்கிவிட்டது. விட்ட இடத்தில் நீ அடையாளத்துக்கு வைத்த ஃபீலர் கேஜ் தகடு, இடைவெளி அளக்கிற அந்த மெல்லிய இரும்பு. ஸ்டோரில் கொடுடா என்று நான் கத்தினால், "தேஞ்சு போனதுடா, ஸ்கிராப்பு" என்பாய்.

போன் கேமராவைக் காட்டினால் தமிழில் மாற்றித் தரும் என்றார்கள். காட்டினேன். வார்த்தையெல்லாம் தமிழ்தான், பேசுவதற்கு ஆள் இல்லாத தமிழ். நண்பன் போனவனுக்கு ஏதாவது இருக்கிறதா என்று பொருளடக்கத்தை மட்டும் பார்த்தேன். அப்பா, அம்மா, மனைவி, கணவன், பிள்ளை. அவ்வளவுதான். என்ன புத்தகமடா இது.

ஆனால் பிள்ளை இருந்தது. உன் அப்பாவைப் பற்றி உன் அம்மா போனில் அழுதிருந்தாள்: "ஒத்த வார்த்த பேச மாட்டங்கறாருப்பா. செவுத்தையே பாத்துக்கினு உக்காந்திருக்கறாரு."

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். புத்தகத்தை முகத்தில் விட்டெறிவாரோ என்று வழியெல்லாம் பயம். எனக்கு நயமாகப் பேச வராது, உனக்குத் தெரியும். "அப்பா, உங்க பையன் எனக்குப் படிச்சு சொல்லிக்கினு இருந்தான், பாதியில விட்டுட்டான். எனக்கு எழுத்து தெரியாது. நீங்க படிச்சு சொல்றீங்களா?" என்று, நீ தாண்டிய அதிகாரத்தைப் பிரித்து நீட்டினேன்.

கண்ணாடியைத் தேடி மாட்டினார். தலைப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இத அவன் படிச்சானா?"

"இல்லப்பா. தாண்டிட்டான்."

நெடுநேரம் அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். பிறகு ஒரு வரியைக் கன்னடத்தில் வாசித்து, தமிழில் சொன்னார். இன்னொரு வரி. சட்டென்று நிறுத்தினார். "காலம் போனா ஆறிடுமாம். எழுதறவன் சும்மா எழுதிட்டான். இவன் புள்ளயா செத்தான்?"

சமையல்கட்டிலிருந்து உன் அம்மா ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள். அவர் குரலைக் கேட்டு எவ்வளவு நாளோ. நிமிர்ந்து பார்த்து, "ரெண்டு பேருக்கும் காபி கொண்டா" என்றார். பக்கத்தைத் திருப்பினார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் போகிறேன். ஒவ்வொரு வரியோடும் சண்டை போட்டுத்தான் படிக்கிறார். மெதுவாகத்தான் போகிறது. எதையும் சீக்கிரம் முடி என்று பறக்கிற நான், அங்கே கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அவருக்கு அடையாளம் ஒரு பழைய பஸ் டிக்கெட். உன் தகடு, நீ வைத்த பக்கத்திலேயே இருக்கிறது. இருவரும் அதைத் தொடவில்லை.

பிடித்த தண்ணீரில் சட்டையைத் துவைத்துக்கொள்கிறேன். பையை நாளைக்கு ஷிப்டுக்கு அந்த வாடையோடு அப்படியே மாட்டிக்கொண்டு போவேன்.